ஓப்பன் கிச்சனை எதை வைத்து மறைப்பது?

சனிக்கிழமை மதியம் வறுத்த நெத்திலி செவ்வாய்க்கிழமை வரை எங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு வந்த விருந்தாளி ஒருவர் ரொம்ப நாகரிகமாக, "இன்னைக்கு மீனா?" என்று கேட்டார். சமைத்திருந்தது ரசமும் அப்பளமும்.

மேடவாக்கத்தில் இருக்கும் எங்கள் பிளாட்டில் இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஹாலைப் பார்த்துத் திறந்து கிடக்கும் கிச்சன். நடுவில் 9 அடி அகலத்துக்கு ஒன்றுமே கிடையாது. சீலிங்கிலிருந்து 9 அங்குலம் இறங்கியிருக்கும் ஒரு பீம் மட்டும் மேலே குறுக்கே ஓடுகிறது. வாங்கும்போது அந்தத் திறந்த அமைப்பு பிடித்துத்தான் வாங்கினோம். 21 அடி நீள ஹால் இன்னும் பெரிதாகத் தெரிந்தது, கிச்சனில் நிற்கிற ஆள் தனியாக இருப்பதாகத் தோன்றவில்லை. அத்தை கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் பார்ப்பார். முதல் வருடம் எல்லாம் நன்றாகவே இருந்தது. அப்புறம் பையன் பிளஸ் டூ வந்தான், என் கணவர் வாரத்தில் மூன்று நாள் ஹாலில் உட்கார்ந்து மீட்டிங் பேச ஆரம்பித்தார், மிக்ஸி ஓடும் நேரம் பார்த்து வீட்டில் சண்டை வந்தது. மூடிவிடலாம் என்று முடிவெடுக்க ஒரு நாள்தான் ஆனது. எதை வைத்து மூடுவது என்று முடிவெடுக்க நான்கு மாதம்.

அந்த நான்கு மாதத்தில் கொத்தனார், கார்பென்டர், அலுமினியம் வேலைக்காரர், ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர் என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "எந்த மாடல் வேணும்?" எதைத் தடுக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நாங்களே கேட்டுக்கொண்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. கிச்சனிலிருந்து ஹாலுக்கு வருவது ஒரே தொந்தரவு அல்ல. புகையும் வாசனையும் வருகின்றன, சத்தம் வருகிறது, சூடு வருகிறது, சிங்க்கில் குவிந்த பாத்திரம் கண்ணில் படுகிறது. இவை நான்கும் நான்கு வழியில் வருகின்றன. ஒன்றை நிறுத்துகிற தடுப்பு மற்றொன்றைத் தொடக்கூட இல்லை.

ஒரு ஊதுபத்தி போதும்

செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. எல்லா ஃபேனையும் நிறுத்திவிட்டு, அடுப்புப் பக்கத்தில் ஒரு ஊதுபத்தி ஏற்றி வையுங்கள். அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொதிக்கட்டும். புகை நேராக மேலே போய், சீலிங்கில் முட்டி, அங்கேயே பரவும். சீலிங்கில் ஒரு படலமாகத் தேங்கி, பீமின் அடிமட்டத்தைத் தாண்டும் அளவுக்குத் தடித்ததும் ஹாலுக்குள் வழியும். இப்போது ஹால் ஃபேனைப் போடுங்கள். மேலே ஒதுங்கி நின்ற புகை நொடியில் கலைந்து வீடு முழுக்க இறங்கிவிடும்.

தாளிக்கும்போது எழுகிற எண்ணெய்ப் புகையும் மிளகாய்க் கமறலும் இதே பாதையில்தான் போகின்றன. அதாவது வாசனை சீலிங் வழியாக வருகிறது, நாமோ தரையிலிருந்து மூன்றரை அடிக்குக் கவுன்டர் கட்டிவிட்டு நிற்கவில்லையே என்று குறைப்படுகிறோம். சத்தத்துக்கு மேல் கீழ் என்ற பேதமே இல்லை, ஒரு விரல் இடுக்கு இருந்தாலும் வந்துவிடும். பார்வையைத் தடுப்பதுதான் இருப்பதிலேயே சுலபம். சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கண்மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி, அந்த உயரத்தில் ஏதாவது இருந்தால் சரி.

முதலில், எதுவும் கட்டாமல்

தடுப்பு வைக்காமலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம். எங்கள் மிக்ஸி இருந்த இடம் ஹாலை ஒட்டிய மேடை. அதைக் கிச்சனுக்குப் பின்னால் துணி துவைக்கிற சர்வீஸ் ஏரியாவுக்கு மாற்றலாம் என்று எலக்ட்ரீஷியன்தான் சொன்னார். ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயின்டும் கடப்பா கல் போட்ட ஒரு சின்னத் திட்டும்தான் செலவு.

சிம்னி விஷயத்தில் பலரும் ஏமாறுவது அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து. மணிக்கு 1,200 கன மீட்டர் இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். குழாய் 6 அங்குலத்துக்குக் குறையாமலும் நேராகவும் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பக்கத்திலாவது போகும். நம் வீடுகளில் குழாய் லாஃப்டைச் சுற்றி இரண்டு மூன்று முறை வளைந்து ஜன்னலுக்குப் போகிறது. ஒவ்வொரு வளைவிலும் இழுவை குறையும். வெளியே குழாய் விடாமல் கரி ஃபில்டர் போட்டு காற்றை உள்ளேயே திருப்பி விடும் ரகம் ஒன்று உண்டு. அது ஆவியையும் சூட்டையும் வெளியேற்றாது. எந்த ரகமானாலும் சிம்னியின் கூரைபோன்ற பகுதி அடுப்பிலிருந்து இரண்டு, இரண்டரை அடிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் தூக்கி மாட்டினால் பக்கவாட்டில் வீசும் ஃபேன் காற்று முந்திக்கொள்ளும்.

ஹாலில் ஏசி போடுகிறவர்கள் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். எங்கள் ஹால் 21 அடிக்கு 11 அடி, உயரம் ஒன்பதரை. உள்ளே இருக்கிற காற்று சுமார் 62 கன மீட்டர். 1,200 கன மீட்டர் சிம்னி சொன்ன வேகத்தில் பாதிக்கு இழுத்தாலே, ஆறு நிமிடத்தில் ஒரு ஹால் அளவு குளிர்ந்த காற்றை வெளியே கொட்டிவிடும். போதாததற்கு அடுப்பு வேறு. ஒன்றரை டன் ஏசி மணிக்கு 18,000 பி.டி.யு. அளவு வெப்பத்தை வெளியேற்றும், அதாவது ஐந்தேகால் கிலோவாட் போல. பெரிய பர்னர் ஒன்று முழுத் தீயில் இரண்டு முதல் மூன்று கிலோவாட் சூடு கொடுக்கும். இரண்டு பர்னர் எரியும்போது ஏசியும் அடுப்பும் கயிறு இழுக்கும் போட்டியில் நிற்கின்றன. கரன்ட் பில் கட்டுகிறவர்தான் தோற்பவர்.

சைவச் சமையல், இரண்டு பேர் குடும்பம், ஹாலில் ஏசி இல்லை, கிச்சன் ஜன்னல் நேராக வெளியே திறக்கிறது என்றால், நல்ல எக்ஸாஸ்ட் ஒன்று போட்டு மிக்ஸியை இடம் மாற்றிவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

அரைச் சுவரும் பிரேக்ஃபாஸ்ட் கவுன்டரும்

படத்தில் பார்க்க இதுதான் அழகு. மூன்றரை அடிச் சுவர், மேலே கிரானைட், இரண்டு உயர ஸ்டூல். எங்கள் வீட்டில் ஸ்டூலில் ஏறி உட்காரக்கூடிய ஒரே ஆள் பையன். அவனும் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போகிறவன்.

சிங்க் பாத்திரத்தையும் மேடையில் கிடக்கும் தோல் குப்பையையும் மறைக்கும். காய்கறி வைக்க, தோசை பரிமாறக் கூடுதலாக ஓர் இடம் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். புகை மேலே போய்க்கொண்டிருக்கிறது, சத்தமும் மேலேயே திறந்து கிடக்கிறது. உங்கள் குறை பார்வை மட்டும் என்றால் இதைவிட நல்லது வேறில்லை. சோபாவில் நெத்திலி உட்காருவதுதான் குறை என்றால் காசு வீண்.

அரைச் சுவரைவிட, தலைகீழாக மேலிருந்து இறங்கும் ஒரு தடுப்புதான் புகைக்கு வேலை செய்யும். சீலிங்கிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி இறங்கும் ஜிப்சம் பலகை போதும், தலை இடிக்காத உயரம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிச்சனுக்குள்ளேயே புகை ஒரு தொட்டிபோல் தேங்கி, சிம்னியும் எக்ஸாஸ்டும் இழுக்க அவகாசம் கிடைக்கும். பெரிய கட்டடங்களில் தீப்புகை பரவாமலிருக்கச் சீலிங்கிலிருந்து தடுப்புத் திரை இறக்குவதும் இதே தத்துவத்தில்தான். செலவு குறைவு, பார்வைக்குப் பீம் போலவே இருக்கும். இதைச் சொன்ன ஒரே ஆள் ஃபால்ஸ் சீலிங் போட வந்தவர். மற்ற யாருக்கும் இதில் லாபமில்லை போலிருக்கிறது.

ஜாலி, அலமாரி, பூஜை யூனிட்

சி.என்.சி. மெஷினில் (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு இயந்திரம்) பூ வெட்டிய ஜாலித் தடுப்பு இப்போது புது பிளாட்களில் நிறையவே தென்படுகிறது. கிச்சன் ஓரத்தில் இதை வைக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன். எண்ணெய் ஆவியும் தூசியும் சேர்ந்தால் பிசுக்கு. பிசுக்கு ஒவ்வொரு பூவின் ஒவ்வொரு இதழிலும் படியும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். ஜாலியை ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கவும் முடியாது, தண்ணீர் பட்டால் உப்பிவிடும். தெரிந்தவர் வீட்டில் பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தீபாவளிக்கு முந்திய வாரம் முழுக்கத் தேய்க்கிறார்கள். தடுக்கிறதா என்றால், பார்வையையே பாதிதான் தடுக்கிறது.

கிராக்கரி யூனிட்டையோ புத்தக அலமாரியையோ குறுக்கே நிறுத்துவது இதைவிடப் புத்திசாலித்தனம். சாமான் வைக்க இடம் கிடைக்கிறது, வீடு மாறினால் கூடவே வரும். கிச்சன் பக்கம் பார்க்கும் முதுகுப் பலகை மட்டும் தண்ணீருக்குத் தாங்கும், ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரக் குறியீடுள்ள பிளைவுட்டாக, மேலே வழவழப்பான லேமினேட்டோடு இருக்கட்டும். சீலிங் வரை உயர்த்தினால் புகைக்கும் ஓரளவு அணை. 9 அடியையும் அலமாரியால் அடைக்க முடியாது, நடக்க வழி விட வேண்டும். வாசனைக்கும் அதுவே வழி.

பூஜை யூனிட்டை இரண்டுக்கும் நடுவில் வைக்கிற வழக்கமும் இருக்கிறது. எங்கள் அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "சாமி முதுகுக்குப் பின்னாடி மீன் வறுப்பியா?" அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

வாடகை வீட்டில்

சுவரில் ஆணி அடிக்கவே ஓனர் முகம் சுளிக்கும் வீட்டில் என்ன செய்வது? மூங்கில் தட்டி, திரைச்சீலை, பி.வி.சி. மடக்குக் கதவு. திரைதான் எல்லாவற்றிலும் மலிவு, நாம் நினைப்பதைவிட நன்றாகவே புகையைப் பிடிக்கும், ஏனென்றால் துணியே வாசனையைக் குடித்துக்கொள்கிறது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துவைத்தாக வேண்டும். கெட்டியான பருத்தித் துணியாக எடுங்கள். நைலான், பாலியெஸ்டர் ரகங்கள் தீயில் உருகித் தோலில் ஒட்டும். அடுப்பிலிருந்து மூன்று நான்கு அடியாவது தள்ளி இருக்க வேண்டும், ஃபேன் காற்றில் பறந்து தீப்பக்கம் போகக் கூடாது. அடுப்பு ஹாலை ஒட்டிய முனையில் இருந்தால் திரையே வேண்டாம். பி.வி.சி. மடக்குக் கதவு இரண்டே வருடத்தில் மஞ்சளடித்து, மடிப்பில் கிழிந்து, பாத்ரூம் கதவு ஞாபகத்தைக் கொடுக்கும். அதை நான் ஒருமுறை போட்டு, ஒருமுறை கழற்றியவள்.

முழுச் சுவர்

சத்தம், வாசனை, பார்வை, சூடு நான்கையும் ஒரே அடியில் நிறுத்துவது சுவர்தான். பழைய கட்டு வீடுகளில் முற்றமும் தூரமும் செய்த வேலையை 950 சதுர அடிக்குள் சுவர் செய்ய வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டு வீட்டில் அடுப்படி இருப்பது வீட்டின் கடைசிப் பகுதியில். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், உட்கார்ந்திருப்பவருக்கு அங்கே என்ன தாளிக்கிறார்கள் என்று தெரியவே நேரமாகும்.

பிளாட்டில் சுவர் கட்டும் முன் எடையைக் கேளுங்கள், நான் கேட்டபோது கொத்தனார் சிரித்தார். எங்கள் 9 அடி அகலம், எட்டே முக்கால் அடி உயரத்துக்கு நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி இருபக்கமும் பூசினால் எடை இரண்டு டன்னைத் தொடும். அதே இடத்தில் 4 அங்குல ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த எடை குறைந்த சிமென்ட் கல்), பூச்சோடு சேர்த்து 800 கிலோ போல வரும். ஜிப்சம் சுவர் 180 கிலோவுக்குள் முடிந்துவிடும். வீட்டுத் தளங்களை ஆட்கள், சாமான்களுக்காகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். சுவர் நிற்கப்போகும் கோட்டுக்கு நேர் கீழே பீம் இருந்தால் கவலை குறைவு. தளத்தின் நடுவில் செங்கல் சுவர் என்றால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டாமல் கட்டக் கூடாது. சில புதுக் கட்டடங்களில் தளத்துக்குள் இழுத்து இறுக்கிய இரும்பு வடங்கள் ஓடும். அங்கே சீலிங்கிலும் தரையிலும் டிரில் போடுவதற்கே பில்டரின் வரைபடம் பார்க்க வேண்டும். அசோசியேஷனுக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். சிம்னிக் குழாய்க்கு வெளிச்சுவரில் ஓட்டை போடுவதானால் அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம்.

இந்தக் கணக்குக்குப் பிறகு செங்கல் எங்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. ஜிப்சத்தின்மேல் நம் ஊர்க்காரர்களுக்கு நம்பிக்கை இல்லை, தட்டினால் அட்டை மாதிரி சத்தம் கேட்கிறதாம். உள்ளே வெறும் இடைவெளி விட்டால் கேட்கும்தான். இரும்புச் சட்டத்துக்கு நடுவில் ராக்வுல் என்ற, பாறையை உருக்கி இழைத்த பஞ்சைத் திணித்து, இருபக்கமும் பலகை அடித்து, ஓரங்களையெல்லாம் அடைத்தால் மிக்ஸி எங்கேயோ பக்கத்து வீட்டில் ஓடுவதுபோல் ஆகிவிடும். கிச்சன் பக்கத்துக்கு ஈரம் தாங்கும் பச்சை நிறப் பலகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஷெல்ஃப், மைக்ரோவேவ் ஸ்டாண்டு எதையாவது மாட்டும் எண்ணம் இருந்தால் பலகை மூடுவதற்கு முன்பே அந்த இடத்தில் உள்ளே பிளைவுட் பட்டை வைக்கச் சொல்லுங்கள். மூடிய பிறகு சொன்னால் அறுத்துத்தான் வைப்பார்கள். வேலை மூன்றே நாள், வீட்டில் சிமென்ட் தூசி இல்லை.

சுவருக்கு எதிரான வாதம் இரண்டு. ஒன்று வெளிச்சம். நிறைய பிளாட்களில் கிச்சன் ஜன்னல் நேராக வெளியே திறப்பதில்லை, சர்வீஸ் ஏரியாவின் துணிக்கொடியைப் பார்த்துத் திறக்கிறது. ஹால் பக்கமும் அடைத்துவிட்டால் காலை பத்து மணிக்கே லைட் போட வேண்டும். அகலத்தையும் பார்க்க வேண்டும். தனிச் சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 2 அடி மேடை, அதற்கு முன்னால் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் நிற்க மூன்றரை அடி, இதற்குக் கீழே போனால் கிச்சன் லிஃப்ட் மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது வாதம்தான் எனக்குப் பெரியது. சுவர் ஹாலைக் காப்பாற்றுகிறது, சமைக்கிறவரை உள்ளே வைத்துப் பூட்டுகிறது. ஹாலுக்கு வராத சூடும் புகையும் எங்கும் போய்விடவில்லை, அடுப்பு முன்னால் நிற்கிறவர்மேல்தான் நிற்கின்றன. ஹால் ஃபேன் காற்று போயிற்று, ஏசியின் மிச்சக் குளிர்ச்சியும் போயிற்று, பேச்சுத் துணையும் போயிற்று. மே மாதச் சென்னையில் மூன்று பக்கமும் மூடிய கிச்சனில் முப்பது தோசை வார்த்துப் பார்த்தவர்தான் இந்தச் சுவரைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் முழுச் சுவருக்கு உற்சாகமாகக் கை தூக்கிய இருவரும் சமைக்காதவர்கள்.

கண்ணாடிக் கதவு

கணவரின் வோட்டு ஆரம்பத்திலிருந்தே இதற்குத்தான், ஆனால் அவர் பார்த்தது ரீல்ஸில். வேண்டும்போது மூடலாம், வேண்டாதபோது திறக்கலாம் என்ற யோசனை என்னவோ நல்ல யோசனைதான், பழைய யோசனையும்கூட. 1926இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்ஃபர்ட் நகரத்து வீடுகளுக்காக வடிவமைத்த சிறிய சமையலறை, இன்றைய மாடுலர் கிச்சன்களுக்கெல்லாம் பாட்டி. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான் அதன் அளவு. அந்தக் குட்டி அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் அவர் வைத்தது தள்ளுகதவு.

இப்போது நம் கதைக்கு வருவோம். கண்ணாடி டஃபன்டாக, அதாவது சூடேற்றிக் கெட்டிப்படுத்தியதாக, இருக்க வேண்டும், இதில் பேரம் கிடையாது. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலு, உடைந்தாலும் கத்திபோல் இல்லாமல் கல்கண்டுத் துண்டுகளாக உதிரும். ஒவ்வொரு பலகையின் மூலையிலும் தயாரிப்பாளரின் முத்திரை அழியாமல் பதிந்திருக்கிறதா, ஐ.எஸ். 2553 தரமா என்று பார்த்து வாங்குங்கள். டஃபன் செய்த பிறகு அந்தக் கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது. கைப்பிடித் துளை முதற்கொண்டு எல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தரை டைல்ஸும் ஃபால்ஸ் சீலிங்கும் முடிந்த பிறகு அளவெடுப்பதே சரி. எங்களுக்கு முதலில் அளவெடுத்தவர் டைல்ஸ் வேலை முடியும் முன்பே வந்து எடுத்துப் போனார். பலகைகள் முக்கால் அங்குலம் உயரமாக வந்து, லாரியிலேயே திரும்பிப் போயின. கண்ணாடியின் முகத்தில் குக்கர் இடித்தாலும் தாங்கும், விளிம்பில் ஒரு கரண்டி பலமாகப் பட்டால்கூட மொத்தமும் சிதறலாம். அதனால் விளிம்பு நான்கு பக்கமும் அலுமினியச் சட்டத்துக்குள் இருப்பது கிச்சனுக்கு நல்லது.

எத்தனை பலகை என்பது அடுத்த கேள்வி. இரண்டு பலகை என்றால் எப்படித் திறந்தாலும் பாதி அடைத்தே கிடக்கும். 9 அடியில் நாலரை அடிதான் வழி. மூன்று பலகை, மூன்று டிராக் என்றால் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும். மடக்குக் கதவு கிட்டத்தட்ட முழுவதும் திறக்கும், விலையும் கீல் தகராறும் அதிகம். 8 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 20 கிலோ. எங்கள் உயரத்துக்கு 3 அடி அகலப் பலகை ஒன்று 50 கிலோ வருகிறது. ரோலரை மலிவில் வாங்கினால் ஆறே மாதத்தில் முக்கிமுனகித் தள்ள வேண்டியிருக்கும்.

தரையில் ஓடும் டிராக்கா, மேலிருந்து தொங்கும் டிராக்கா? தரை டிராக் மலிவு, இடுக்கு குறைவு. ஆனால் கிச்சன் வாசலில் தரைப் பள்ளம் என்றால் கடுகு, உளுந்து, அரிசி எல்லாம் அதற்குள்தான் குடியேறும். சின்னப் பிரஷ்ஷோடு குனிந்தே வாழ்க்கை போய்விடும். வயதானவர் கால் தடுக்கும் பயம் வேறு. தொங்கும் ரகத்தில் தரை சுத்தமாக இருக்கும், கீழே ஒரு விரல் அளவு இடைவெளி விழும். மேலே பீமில் நன்றாகப் பிடிமானம் கிடைத்தால்தான் அதற்குப் போக வேண்டும். அத்தைக்கு முட்டிவலி என்பதால் எங்கள் வீட்டில் விவாதமே எழவில்லை, தொங்கும் ரகம்தான்.

வரி ஓடும் ஃப்ளூட்டட் கண்ணாடி இப்போது ஃபேஷன். உள்ளே இருக்கும் குப்பை மங்கலாகத் தெரியும், வெளிச்சம் குறையாது. போடுவதானால் வரி ஹால் பக்கமும் வழவழப்பு கிச்சன் பக்கமும் வர வேண்டும். மாற்றிப் போட்ட வீட்டில் ஒவ்வொரு வரியிலும் எண்ணெய்க் கோடு பார்த்திருக்கிறேன். தெளிவான கண்ணாடியில் பிசுக்கு சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும், துடைப்பதும் சீக்கிரம் முடியும்.

சத்தத்தைப் பொறுத்தவரை கண்ணாடிக் கதவு சுவரல்ல. பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்திலும் கீழேயும் இடுக்கு இருக்கும், மிக்ஸி குறையும், நிற்காது. வாசனைக்கு நன்றாக வேலை செய்கிறது. விலைதான் கசப்பு. எங்களுக்கு வந்த கொட்டேஷன்களில் ஜிப்சம் சுவரை ஒரு பங்கு என்று வைத்தால் ஏ.ஏ.சி. பிளாக் ஒன்றரைப் பங்கு, தொங்கும் கண்ணாடிக் கதவு ஆறு பங்கு.

சுவரோ கண்ணாடியோ, கிச்சனை மூடுகிறவர்கள் கேஸை மறக்கக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். திறந்த கிச்சனில் அது பரவ இடம் இருந்தது, மூடிய கிச்சனில் சீக்கிரம் சேர்ந்துவிடும். சர்வீஸ் ஏரியாப் பக்கம் தரைமட்டத்தில் ஒரு கிரில் ஓட்டையாவது வேண்டும். வாசனை வந்தால் எக்ஸாஸ்ட் உட்பட எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும். சிம்னி ஓடும்போது ஜன்னல் கொஞ்சம் திறந்திருப்பதும் அவசியம், உள்ளே காற்று வர வழியில்லாத அறையிலிருந்து சிம்னி எதை இழுக்கும்?

நாங்கள் செய்தது

முழுதும் சுவரும் இல்லை, முழுதும் கண்ணாடியும் இல்லை. எங்கள் அடுப்பும் சிங்க்கும் திறப்பின் இடது முனையை ஒட்டி இருக்கின்றன. அந்த முனையில் 3 அடிக்குத் தரையிலிருந்து பீம் வரை ஜிப்சம் சுவர், உள்ளே ராக்வுல். மிச்சம் 6 அடிக்கு இரண்டிரண்டு அடியாக மூன்று கண்ணாடிப் பலகைகள், தொங்கும் டிராக். திறந்தால் 4 அடி வழி. பலகை சிறியதானதால் ஒன்று 33 கிலோதான், அத்தை ஒற்றைக் கையால் தள்ளுகிறார். மூன்றும் தெளிவான கண்ணாடி. ஃப்ளூட்டடுக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை, கீரை ஆயும் இடத்திலிருந்து டிவி தெரிய வேண்டும். மறைக்க வேண்டியதை எப்படியும் அந்த 3 அடிச் சுவர் மறைத்துவிட்டது. மொத்தச் செலவு 9 அடி முழுக்கக் கண்ணாடி போடுவதில் முக்கால் பங்குக்கும் கீழே வந்தது.

மிக்ஸி சர்வீஸ் ஏரியாவுக்குப் போனது. பையனுக்கு நிஜமான நிம்மதி கொடுத்தது கதவைவிட அந்த பிளக் பாயின்ட்தான் என்று இப்போது தோன்றுகிறது. அதை முதல் மாதமே செய்திருக்கலாம். நெத்திலி இப்போது சனிக்கிழமை ராத்திரிக்குள் வீட்டைக் காலி செய்துவிடுகிறது. ஏசி சீக்கிரம் குளிர்கிறது. கதவை மூடிக்கொண்டு சமைக்கும்போது எனக்கு வேர்ப்பது கூடியிருக்கிறது. சிம்னிக்கு எதிர்ச்சுவரில், தீயைக் கலைக்காத கோணத்தில் ஒரு சின்ன ஃபேன் மாட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் சரியான இடம் கிடைக்கவில்லை.

அத்தைக்குக் கதவின்மேல் ஒரே ஒரு புகார், மூடினால் சீரியல் வசனம் கேட்பதில்லை. அதனால் எட்டு மணிக்கு நடுப்பலகை ஒரு சாண் திறக்கும். அந்த அரை மணி நேரம் நான் எதையும் தாளிப்பதில்லை.